தைராய்டு மாத்திரையும் ஹார்மோன்தான், சகோதரி

கேள்வி: எனக்கு 33 வயது, டாக்டர். ஈரோடு பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் டெஸ்ட் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை எடுத்ததில் 61, 68 என்று மிக அதிகமாக வந்தது. 'பிரீமெச்சூர் ஓவேரியன் இன்சஃபிஷியன்சி' (பிஓஐ), சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிட்டது என்றார்கள். தினமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, மாதத்தில் 12 நாள் புரொஜெஸ்டிரோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஹார்மோன் சாப்பிட்டால் மார்பில் புற்றுநோய் வரும் என்று மாமியார் பயப்படுகிறார். எனக்கும் பயம். அட்டையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். பாடம் நடத்தும்போதே குப்பென்று வியர்க்கிறது. இரவில் தூக்கம் இல்லை. கணவருடன் சேர்ந்தால் வலிக்கிறது. சோயா, ஆளி விதை, டிஹெச்இஏ மாத்திரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு கருத்தரிப்பு மையத்தில் பிஆர்பி ஊசி போட்டால் சினைப்பை மறுபடி வேலை செய்யும் என்றார்கள். ஹார்மோன் இல்லாத சிகிச்சை ஏதாவது சொல்லுங்கள். (தைராய்டுக்கு தினமும் 75 போடுகிறேன். அம்மாவுக்கு 39 வயதிலேயே நின்றுவிட்டது. 27 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது இரண்டாம் தடவைதான் மனதில் பதிந்தது. காலையில் பல் தேய்த்ததும் வெறும் வயிற்றில் போடுகிறீர்களே, அந்தத் தைராய்டு மாத்திரையும் ஹார்மோன்தான். கழுத்தில் இருக்கும் சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை, அதனால் குறைகிற அளவை வெளியிலிருந்து கொடுக்கிறோம். அதை யாரும் ஆபத்து என்று சொல்லவில்லை, நீங்களும் ஒரு நாள் விடாமல் போடுகிறீர்கள். பீரோவில் இருக்கும் அட்டையும் அதே வேலையைச் செய்யத்தான் வந்தது. சுரப்பிதான் வேறு.

உங்கள் மாமியாருக்கு எந்த வயதில் மாதவிலக்கு நின்றது என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பதை ஒட்டி நின்றிருந்தால், உங்கள் வயதிலிருந்து இன்னும் 17 வருடம் அவர் உடம்பு தானாகவே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்திருக்கிறது. அந்த 17 வருடம் அவருடைய எலும்பையும் ரத்தக்குழாயையும் அது காத்திருக்கிறது. உங்களுக்கு அது 33 வயதில் நின்றுவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது உங்களை உங்கள் வயதுப் பெண்களுக்குச் சமமாக நிறுத்துவதற்கான அளவு. கூடுதலாக எதையும் உடம்பில் ஏற்றவில்லை.

மாமியாரின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2002 ஜூலையில் அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அதில் 16,608 பெண்கள் இருந்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரொஜெஸ்டிரோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பத்தாயிரம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வரும் என்பது கணக்கு. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 50 முதல் 79 வயதுக்காரர்கள், சராசரி வயது 63. இயற்கையாக மாதவிலக்கு நின்று பல வருடம் ஆன உடம்புக்குப் புதிதாக ஹார்மோன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே கேள்வி. 33 வயதில் சினைப்பை ஓய்ந்த பெண்ணுக்கு அந்த விடையைப் பொருத்திப் பார்க்க முடியாது. பிஓஐ உள்ளவர்கள் இயற்கையாக நிற்கிற வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொண்டால், அதே வயதில் தானாகச் சுரக்கிற பெண்களைவிட அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருவதில்லை என்றுதான் இதுவரை கிடைத்த தரவுகள் சொல்கின்றன.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 'கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்' என்று நம் வீடுகளில் சொல்வோம். இந்த விஷயத்தில் அந்தப் பொறுமை ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. அது வலிக்காது, வெளியே தெரியாது. இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் 45 வயதுக்கு முன்பே எடுத்துவிட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், அவர்களிடையே இறப்பு விகிதம் கூடியிருந்தது. அதிலும் 45 வயது வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் எடுக்காமல் விட்டவர்களிடம்தான் அது முக்கியமாகத் தெரிந்தது. உங்கள் நிலையும் அவர்கள் நிலையும் முழுக்க ஒன்றல்ல. என்றாலும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கடந்த ஏழு மாதத்தை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஹார்மோன் இல்லாத சிகிச்சை உண்டா? உண்டு. ஆனால் அவை எல்லாமே ஏதாவது ஒரு தொந்தரவை அடக்குபவை. வியர்வைக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போன ஈஸ்ட்ரோஜனின் இடத்தை மொத்தமாக நிரப்புகிற மருந்து அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

அவை யாருக்காக வந்தவை என்பதை ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். என்னிடம் வந்தபோது அவருக்கு 36 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடிந்து, புற்று திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீமோவில் சினைப்பை ஓய்ந்துவிட்டது. வந்தது டிசம்பர் மாதம். நான் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்து, மேசையில் இருந்த ஃபைலை எடுத்து விசிற ஆரம்பித்தார். முகம் சிவந்து இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. அப்புறம் "மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்றார். ஒரு நாளைக்கு இப்படிப் பன்னிரண்டு தடவை வருமாம். அவருக்கு வந்தது ஹார்மோனைச் சாப்பிட்டு வளரும் வகைப் புற்று. அவருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்க முடியாது. வெண்லாஃபாக்சின் 37.5 மில்லிகிராமில் ஆரம்பித்து 75-க்கு உயர்த்தினோம். ஒரு மாதத்தில் பன்னிரண்டு தடவை வந்தது ஐந்தாகக் குறைந்தது. முதல் வாரம் குமட்டலில் கஷ்டப்பட்டார்.

வெண்லாஃபாக்சின் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்து. குறைந்த அளவில் கொடுத்தால் உடம்பு காந்தலைக் குறைக்கும். 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குத் தொந்தரவு 61 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கே 27 சதவீதம் குறைந்திருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருவேன். இந்த மருந்தில் இருக்கும்போது ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். இதே குடும்பத்தில் பராக்செடின் என்ற மருந்துக்கும் பலன் உண்டு, ஆனால் டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்வதை அது தடுக்கும். இரவு வியர்வையும் தூக்கக் கேடும் அதிகம் என்றால் படுக்கும்போது கபாபென்டின் கொடுப்போம். அதில் வரும் மயக்கமே அங்கே உதவும், ஆனால் காலையில் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர் அடிக்கடி வருவதற்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினினும் வியர்வையைக் குறைக்கும், ஆனால் வாய் உலர்ந்துபோகும். காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்கிற பேச்சு சிகிச்சைக்கும் நல்ல சான்று இருக்கிறது. காந்தல் வரும்போது கூடவே வரும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் அது குறைக்கிறது.

புதிதாக ஒன்று வந்திருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உடம்புச் சூட்டைக் கணக்குப் பார்க்கிற நரம்புகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் சில நரம்புகள் கட்டுப்பாடு இல்லாமல் தூண்டப்பட்டு, சூடே இல்லாதபோது 'சூடு' என்று தவறாகச் சொல்கின்றன. உடனே தோலுக்கு ரத்தம் பாய்ந்து, வியர்த்துக் கொட்டுகிறது. அந்தத் தூண்டுதலை அங்கேயே தடுக்கிற ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் கல்லீரல் டெஸ்ட் தொடர்ந்து எடுக்க வேண்டும். முக்கியமாக, அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள். உங்களைப் போன்ற 33 வயதுப் பெண்ணை வைத்துச் சோதித்த மருந்து அல்ல அது. உங்கள் எலும்புக்கும் அதனால் எந்த நன்மையும் இல்லை.

இந்தப் பட்டியலில் உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடியது எது என்று கேட்டால், இப்போதைக்கு எதுவும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் தனியாகவே காந்தலை நான்கில் மூன்று பங்கு குறைக்கும். கூடவே எலும்பையும் காக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர் என்றால் என் பதில் வேறு. கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிய வரலாறோ, கண்ணில் மின்னல் அடித்துவிட்டு வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுப்பார்கள். தோல் வழியாகப் போகும்போது ரத்தம் கட்டும் ஆபத்து கூடுவதில்லை. மாத்திரை விழுங்கத்தான் பயம் என்றால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஜெல்லைக் கேட்டுப் பார்க்கலாம். கருப்பை இருக்கிறதால் அந்த 12 நாள் புரொஜெஸ்டிரோனை மட்டும் விடக்கூடாது. கருப்பையின் உள்சவ்வு தடித்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு, நீங்கள் எழுதாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. கரு தங்குவதை அது தடுக்காது. பிஓஐ வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தானாகவே கரு தங்குகிறது. ஹார்மோன் எடுத்துக்கொண்டிருக்கும்போதும் தங்கலாம். நாள் தள்ளிப்போனால் வீட்டிலேயே ஒரு டெஸ்ட் பாருங்கள்.

அந்த ஐந்து பேரால்தான் சந்தையில் ஆயிரம் வைத்தியம் விற்கிறது. உங்கள் சினைப்பை சுவிட்ச் அணைத்தது போல நின்றுவிடவில்லை. பிஓஐ உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது அவ்வப்போது விழித்துக்கொள்ளும். ஒரு மாதம் தானாக மாதவிலக்கு வரும், மறுபடி நின்றுபோகும். அந்த மாதத்துக்கு முன்னால் லேகியம் சாப்பிட்டிருந்தால் லேகியத்துக்குப் பெயர், ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர். வெறும் மாத்திரைக்கே 27 சதவீதம் குறைந்தது என்றேனே, அதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். யாரோ ஒருவருக்குப் பலித்தது என்பது ஏன் சான்றாகாது என்று புரியும்.

பிஆர்பி ஊசி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, அதில் பிளேட்லெட் செறிந்த பகுதியைச் சினைப்பைக்குள் செலுத்துவது. கருமுட்டை இருப்பு தீர்ந்த சினைப்பையில் அது முட்டையை உண்டாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-ல் வெளியிட்ட பரிந்துரையில், கருத்தரிப்பு மையங்கள் இதை வழக்கமாகச் செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. இது ஆராய்ச்சியில் இருக்கும் ஒன்று. ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் பணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. போடுவதாக இருந்தால், "உங்களிடம் போட்டுக்கொண்ட பிஓஐ நோயாளிகள் எத்தனை பேர், அவர்களில் குழந்தை பிறந்தது எத்தனை பேருக்கு?" என்று எழுத்தில் கேளுங்கள். 'ஏஎம்ஹெச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) ஏறியது' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

டிஹெச்இஏ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அட்ரினல் சுரப்பி சுரக்கிற ஹார்மோன். ஹார்மோன் வேண்டாம் என்று அட்டையைப் பீரோவில் வைத்துவிட்டு, அளவும் தெரியாத இன்னொரு ஹார்மோனை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். முகப்பருவும் தேவையில்லாத முடியும் வரும். பிஓஐ-யில் பலன் இருப்பதாகச் சான்றும் இல்லை. சோயாவும் ஆளி விதையும் உணவாகச் சாப்பிட நல்லவை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தைராய்டு மாத்திரை போட்ட உடனே சோயா சாப்பிட்டால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது, நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும். பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை மாத்திரை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அபூர்வமாக என்றாலும் கல்லீரலைப் பாதித்திருக்கிறது.

கணவருடன் சேரும்போது வலி என்று எழுதியிருந்தீர்கள். இதை எழுதவே பலருக்குக் கை வராது. அதற்குத் தனியாகவே தீர்வு உண்டு, ஹார்மோன் இல்லாததும் உண்டு. ஹயலூரானிக் அமிலம் கலந்த பெண்ணுறுப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் தனியாக வேண்டும். சோப்பு போட்டு உள்ளே கழுவாதீர்கள், வறட்சி கூடும். ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் இந்த ஜெல்லே தேவைப்படாமல் போகலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வலிக்கிறது என்பது கணவருக்கும் தெரிய வேண்டும்.

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செய்யவேண்டியது எலும்புக்கான கவனிப்பு. முதலில் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுங்கள். படுத்திருக்க வேண்டியது பத்து நிமிடம், ஊசி கிடையாது. ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி டம்ளரில் பாலோ தயிரோ இரண்டு வேளை சாப்பிட்டால் ஏறக்குறைய 480 ஆகும். 100 கிராம் கேழ்வரகில் 350-க்குப் பக்கம் இருக்கிறது, ஒரு வேளைக் களியோ அடையோ அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். மிச்சத்துக்கு எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. வைட்டமின் டி எவ்வளவு என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு மாத்திரை போடுங்கள். நடைப்பயிற்சி மட்டும் எலும்புக்குப் போதாது, எடை தூக்க வேண்டும். மாடிப்படி ஏறுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி இறக்குவதில் ஆரம்பியுங்கள். ஸ்கேனில் எலும்பு மெலிந்திருந்தால் எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மாத்திரையோ ஊசியோ யாராவது எழுதலாம். குழந்தைக்கு முயல்கிறேன் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து எலும்பில் பல வருடம் தங்கும்.

குழந்தையைப் பற்றி உங்களிடம் மறைத்துப் பேச விரும்பவில்லை. பிஓஐ-யில் அதிக வெற்றி தருகிற வழி தானக் கருமுட்டை வைத்து ஐவிஎஃப் செய்வது. உங்கள் கருப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை, கருவைச் சுமக்கும். 2021-ஆம் வருடச் சட்டப்படி முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம். பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய வேண்டும். அதற்கு மனது ஒப்ப நாளாகும். அவசரமில்லை, ஹார்மோன் எடுத்துக்கொண்டே யோசிக்கலாம். அழுகை வந்தால் அழுங்கள். 33 வயதில் இந்தச் செய்தியைக் கேட்ட எந்தப் பெண்ணும் என் அறையிலிருந்து கண் கலங்காமல் போனதில்லை. ஒரு மனநல ஆலோசகரை இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

அப்புறம் சில டெஸ்ட்கள் பாக்கி இருக்கின்றன. கேரியோடைப் என்கிற குரோமோசோம் பரிசோதனையும், எஃப்எம்ஆர்1 மரபணுப் பரிசோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். அம்மாவுக்கு 39-ல் நின்றது என்பதால் எஃப்எம்ஆர்1-ஐ நான் வலியுறுத்துகிறேன். அந்த மாற்றம் உங்களிடம் இருந்தால் தங்கையிடமும் இருக்கலாம். அதைச் சுமக்கிற பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு பிஓஐ வருகிறது. இப்போதே தெரிந்தால் அவள் முட்டையைச் சேமித்து வைக்கலாம். பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அந்த மாற்றம் பாதிக்கலாம் என்பதால், அதைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்கலாம். கல்யாணப் பேச்சு நடக்கும்போது இதை வீட்டில் பேசுவது கஷ்டம்தான். முதலில் தங்கையிடம் மட்டும் பேசுங்கள், முடிவு அவளுடையது.

தைராய்டும் பிஓஐ-யும் ஒருவருக்கே இருந்தால் அட்ரினல் சுரப்பியையும் பார்க்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சில பேருக்கு இந்த மூன்றையும் தாக்கும். தாங்க முடியாத சோர்வு, எழுந்தால் தலைசுற்றல், உப்பின் மேல் ஏக்கம், தோல் கறுத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனுக்கான டெஸ்டைக் காலை நேரத்தில் எடுங்கள்.

இன்றைக்கே பீரோவைத் திறந்து அட்டையின் பின்புறம் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி இருந்தால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மூன்று மாதத்தில் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். டெக்ஸா ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். முதுகுத்தண்டுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். அவற்றை எழுதினால் போதும்.